பால் பையில் இருந்த உறை

மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டில் இரண்டு பால் பைகள் தொங்கும். நீலப் பை எங்களுடையது. மஞ்சள் பை மாடியில் குடியிருப்பவருடையது. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் பாலின் விலை சற்றுக் குறைவு என்பதால் எங்கள் தெருவில் பெரும்பாலோர் அதைத்தான் வாங்குகிறோம். விடியும் நேரத்தில் பால்காரர் கைப்பேசியில் யாருடனோ கன்னடத்தில் பேசிக்கொண்டே பாக்கெட்டுகளைப் பைகளில் போட்டுவிட்டுப் போவார். இத்தனை அற்பமான விவரத்திலிருந்து தொடங்குவதை வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதுமையில் என்னை நிலைகுலையச் செய்த ஒரு காரியம் அந்த நீலப் பைக்குள்தான் இருந்தது.

இதில் எவருடைய பெயரையும் நான் எழுதப்போவதில்லை, என் பெயர் உட்பட. பெயர் சொல்லாமல் இருப்பதுதான் இந்தக் காரியத்தின் அடிப்படை ஒழுங்கு. அந்த ஒழுங்கை ஏற்படுத்தியவனும் நானே.

நான் வணிகவியல் பட்டதாரி. கிருஷ்ணகிரியில் கல்லூரிப் படிப்பை முடித்து, சில ஆண்டுகள் பிறரிடம் கணக்கு எழுதிய பின், ஓசூர்த் தொழிற்பேட்டையில் சொந்தமாக ஒரு லேத் பட்டறை வைத்தேன். இருசக்கர வாகன எஞ்சின்களுக்கான உதிரிபாகங்களைக் கடைந்து கொடுத்தோம். தொழில் நன்றாக நடந்த காலத்தில் ஹஜ் பயணத்தை நிறைவேற்றினேன். அதன்பிறகு ஊரில் அனைவருக்கும் நான் ஹாஜியார். எங்கள் ஜமாஅத்தின் பொருளாளராகவும் நெடுங்காலம் இருந்தேன்.

ரமலான் தோறும் ஜகாத்தைத் திரட்டி வழங்குவது பொருளாளரின் பொறுப்பு. தேவைகளும் கடன்களும் போக, ஓராண்டு முழுதும் ஒருவரிடம் தங்கிய செல்வம் ஒரு குறிப்பிட்ட அளவை எட்டினால், அதில் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளுக்குரியது. அந்த அளவை எட்டாதவர் கொடுக்க வேண்டியதில்லை; அவர் பெற்றுக்கொள்ளலாம். பள்ளிவாசலில் என்னைப் பேச அழைத்தபோதெல்லாம் நான் ஒரு கருத்தை வலியுறுத்துவேன்: ஜகாத் கொடுப்பவர் தர்மம் செய்வதாக நினைக்கக் கூடாது, தம்மிடம் தங்கிவிட்ட பிறர் பொருளை உரியவரிடம் சேர்க்கிறார், அவ்வளவே. கேட்டவர்கள் தலையசைப்பார்கள். அதைச் சொல்வதில் எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

நான் பொறுப்பேற்றபோது, ஏழைகள் பள்ளிவாசல் வாயிலில் வரிசையாக நின்று வாங்கும் வழக்கம் இருந்தது. கொடுப்பவர்கள் அதைக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். தலை முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு ஒதுங்கிய ஒரு பெண்மணியை ஒருவர், "இப்படிப் பாரும்மா" என்று திரும்ப வைத்ததைக் கண்ட ஆண்டே நான் அந்த வரிசையை நிறுத்தினேன். புதிய முறை இதுதான். ஜமாஅத்தைச் சேர்ந்த இரண்டு பெண்கள், ஆண்கள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துச் சென்று, வீட்டுப் பெண்களிடம் சில கேள்விகள் கேட்பார்கள். வாங்கத் தகுதியுள்ள வீடு என்று தெரிந்தால், நோன்பு நாள் ஒன்றின் விடியலில் அந்த வீட்டுப் பால் பையில் பெயர் எழுதாத உறை ஒன்று இருக்கும். எந்தெந்த வீடுகள் என்பது அந்தப் பெண்களைத் தவிர ஜமாஅத் கமிட்டிக்குக்கூடத் தெரியாது. வந்து கேட்டவர்கள் யார் என்று பதில் சொன்னவர் வெளியிடக் கூடாது. கொடுத்தவருக்கு வாங்கியவர் தெரியக் கூடாது. வாங்கியவருக்குக் கொடுத்தவர் தெரியக் கூடாது. நன்றி சொல்லும் சங்கடம்கூட எவருக்கும் வேண்டாம் என்று நினைத்தேன். கிருஷ்ணகிரியிலிருந்தும் ஆட்கள் வந்து எங்கள் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள் என்பதை இங்கே குறிப்பிடுவது தற்பெருமை ஆகாது என்று நம்புகிறேன்.

பிறகு மின்சார ஸ்கூட்டர்கள் வந்தன. அவற்றுக்கு எஞ்சின் கிடையாது. எஞ்சின் இல்லாத வண்டிக்கு நான் கடைந்து கொடுத்த பாகங்கள் எதற்கு? வேலை ஒரேயடியாக நிற்கவில்லை. ஒவ்வொரு மாதமும் சற்றுக் குறைந்தது. குறைகிறது என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தாமதமாயிற்று, அந்தத் தாமதத்துக்காக வங்கியில் வீட்டை அடமானம் வைத்தேன். கடைசியில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாகப் விலைக்குப் போய், போச்சம்பள்ளிப் பக்கம் லாரி ஏறிப் போயின. மாடியிலிருந்து வரும் வாடகை முழுவதும் வங்கித் தவணைக்குப் போகிறது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை.

வயதாகிவிட்டதால் ஓய்வெடுத்துக்கொள்கிறேன் என்று ஊரில் சொன்னேன். அதையே காரணமாகச் சொல்லிப் பொருளாளர் பொறுப்பிலிருந்தும் விலகினேன். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை ஜிப்பா, அத்தர், முதல் வரிசையில் தொழுகை, இவற்றில் எந்த மாற்றத்தையும் நான் அனுமதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை உண்டியலில் போடும் நோட்டின் நிறம் மட்டும் மாறியது. அதையும் நான்காக மடித்துப் போட்டேன்.

சென்ற ரமலானில் ஒரு நாள், விடியற்காலைத் தொழுகை முடிந்து திரும்பும்போது நீலப் பையை எடுத்தேன். பால் பாக்கெட்டுகளுக்கு அடியில் பழுப்பு நிற உறை ஒன்று, ஈரம் பட்டு, கிடந்தது. அது என்ன என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே இருப்பது வெளியே தெரியாத, பால் ஈரத்துக்கு ஊறிக் கிழியாத அந்தத் தடித்த காகிதத்தைக் கடைகடையாக அலைந்து தேர்ந்தெடுத்தவன் நான்.

பை மாறிவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. மாடியில் குடியிருப்பவர் வாணியம்பாடிப் பக்கத்து இளைஞர். ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. மனைவியும் கைக்குழந்தையும் உண்டு. உறை அவருக்குரியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீலத்துக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்களே என்று புதிய கமிட்டியின் மீது எரிச்சல்தான் வந்தது. உடனே மாடிப்படி ஏறினேன்.

அவர் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் இருந்தார்.

"வாங்க ஹாஜியாரே. வாடகை இன்னும் ரெண்டு நாள்ல..."

"வாடகைக்கு வரல. இது உங்களுக்கு வந்தது. தவறிப் போய் எங்க பையில விழுந்திருக்கு."

அவர் உறையைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"எனக்கு நேத்தே வந்துட்ச்சிங்களே."

"நேத்தா?"

"ஆமாங்க. மஞ்சப் பையிலதான் இருந்துச்சி. இதே கவருதான்."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "யாருங்க அது?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, ஹாஜியாரு," என்றார் இவர். அதைச் சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி என் செருப்பில் நின்றது.

"யாருக்காச்சும் சேர்த்துடுவீங்கன்னு உங்க பையில போட்டிருப்பாங்க," என்றார் மெதுவாக. "இதெல்லாம் நீங்கதானே பாத்துக்கறீங்க."

"ஆமா," என்றேன். "அப்படித்தான் இருக்கும்."

நான் படியிறங்கிச் செல்வதற்காக அவர் ஒரு பொய்யை உண்டாக்கிக் கொடுத்தார். என்னிடம் குடியிருப்பவரிடமிருந்து அதைப் பெற்றுக்கொண்டு நான் இறங்கினேன்.

உறையைப் பீரோவில் என் ஜிப்பாக்களுக்கு அடியில் வைத்தேன். அடுத்த சில நாட்கள் எப்படிக் கழிந்தன என்பதைச் சரியாக விளக்க எனக்குச் சொற்கள் போதவில்லை. பேய் பிடித்த வீடுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். படித்தவன் என்ற முறையில் அவற்றை நம்பியதில்லை. ஆனால், பீரோ இருந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வு எனக்கு ஏற்பட்டது. அவருக்கு முகம் இல்லை. அவர் என்னை முழுதாகப் பார்த்திருக்கிறார்; நான் அவரைப் பார்த்ததில்லை. ஜிப்பாவை எடுக்கக் கதவைத் திறப்பேன், நின்றுவிடுவேன், முதல் நாள் போட்டதையே மறுபடி போட்டுக்கொண்டு புறப்படுவேன்.

வெளியே இன்னும் மோசம். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் பள்ளிவாசலில் எனக்காக நகர்ந்து முதல் வரிசையில் இடம் விட்டார். அவர் எப்போதும் இடம் விடுபவர்தானா, அல்லது இப்போதுதான் விடுகிறாரா? நினைவுபடுத்திப் பார்த்தேன்; பிடிபடவில்லை. பேரீச்சம்பழக் கடையில் எடை போட்ட பிறகு இரண்டு பழங்களைக் கூடுதலாக வைத்தார்கள். ஒரு காலத்தில் என் பட்டறையில் தொழில் பழகி, இன்று சொந்தமாகக் கம்ப்யூட்டரில் இயங்கும் லேத் இயந்திரங்கள் வைத்திருக்கும் ஒருவர் வண்டியை நிறுத்தி, "வெயில்ல நடக்காதீங்க ஹாஜியாரே, ஏறுங்க" என்றார். முன்பெல்லாம் மரியாதை என்று நான் எண்ணி வாங்கிக்கொண்ட ஒவ்வொன்றையும் இப்போது திருப்பிப் பார்த்தேன், அடியில் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறதா என்று. உறையில் இருந்தது ஒருவருடைய பணம் அல்ல, பலருடையது. ஆகவே சந்தேகப்படவும் ஊர் முழுவதும் இருந்தது. வந்து விசாரித்த பெண்கள் யாராகவும் இருக்கலாம். அவர்கள் தங்கள் கணவர்களிடம் வாய் திறந்திருக்க மாட்டார்கள் என்பது விதி. ஆனால் விதி எழுதியவனுக்குத்தான் அது எங்கே தேய்ந்து போகும் என்பதும் தெரியும்.

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால் யாரிடம் கொடுப்பது? கமிட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், எனக்கு வந்தது என்று நானே சாட்சி சொன்னதாகும். வேறோர் ஏழையிடம் கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கும் தகுதி எனக்கு உண்டா என்பதே கேள்வி.

ஆகவே கணக்குப் பார்த்தேன். ஜகாத்துக்குரிய அந்தக் குறிப்பிட்ட அளவைச் சிலர் தங்கத்தால் அளப்பார்கள், சிலர் வெள்ளியால். வெள்ளியின் அளவு மிகவும் குறைவு. அதன்படி பார்த்தால் கொஞ்சம் சேமிப்பு உள்ளவர்களும் கொடுப்பவர்களாகிவிடுவார்கள். கொடுப்பவர்கள் பெருக வேண்டும் என்பதற்காக, வெள்ளியால்தான் அளக்க வேண்டும் என்று கமிட்டியில் பல ஆண்டுகள் வாதாடியவன் நான். அந்த வெள்ளி இப்போது எனக்குக் கைகொடுக்கும் என்று நம்பினேன். மனைவியின் கழுத்துச் சங்கிலி, தோடு, வங்கியில் கிடந்த சிறு தொகை அனைத்தையும் என்னுடையதாகவே சேர்த்துக்கொண்டு கூட்டினேன். பிறகு கடனைக் கழித்தேன். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். எந்த உலோகமும் என்னைக் கொடுப்பவர்களின் பக்கம் நிறுத்தவில்லை.

அப்படியும் மனம் ஒப்பாமல், எங்கள் பள்ளிவாசல் இமாமைத் தனியாகச் சந்தித்தேன். என்னைவிட மிக இளையவர். ஹஜ்ரத் என்று அழைப்போம்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்காகக் கேக்கறேன் ஹஜ்ரத்," என்று தொடங்கி, நிலைமையைச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அவருக்குக் கடன் இருக்குங்களா?"

"இருக்கு."

"அப்ப வாங்கலாங்க. கடன்பட்டவங்களுக்கும் அதுல பங்கு உண்டு. உங்களுக்குத் தெரியாததா?"

"அவருக்கு அதை வாங்க மனசில்லை."

"மனசு வேற, சட்டம் வேறங்களே. சட்டத்தைத்தான நீங்க கேட்டீங்க?" என்றவர், "அந்த மனுசனுக்கு வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

"மனைவி இருக்காங்க."

"அப்ப அவரோட மனசை மட்டும் பாத்தா எப்படிங்க?"

அவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று நோன்பு திறந்து, பள்ளிவாசலில் வாங்கி வந்த கஞ்சியைக் குடித்த பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவியிடம் கேட்டேன்.

"யாராவது வந்து விசாரிச்சாங்களா?"

"வந்தாங்க." அவள் திரும்பவில்லை.

"யாரு?"

"அதச் சொல்லக் கூடாதுன்னு வெச்சதே நீங்கதானே."

"நீ என்ன சொன்னே?"

"கேட்டதுக்குச் சொன்னேன். கேஸ் சிலிண்டரு எத்தன நாளைக்கு வருதுன்னு கேட்டாங்க. இப்பல்லாம் ரொம்ப நாளு வருதுன்னேன். ஏன்னு கேட்டாங்க. ராத்திரிக்கு அடுப்பு பத்த வெக்கறதில்லைன்னேன். அப்பறம் மாத்திரைய ஒடச்சு சாப்பிடறீங்களான்னு கேட்டாங்க."

அந்தக் கேள்வி என்னுடையது. வறுமையை மறைக்கத் தெரிந்த வீடுகள் திரைச்சீலையைத் துவைத்துப் போடும், விருந்தாளிக்குத் தேநீர் கொடுக்கும், கடனைப் பற்றி மூச்சு விடாது. ஆனால் மாத்திரையை இரண்டாக உடைத்து இரண்டு நாளைக்கு வைத்துக்கொள்ளும். பல வீடுகளில் இப்படி நடக்கிறது என்று தெரிந்த பிறகு, இந்த ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள் என்று அந்தப் பெண்களுக்கு நான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

"அர மாத்திரை போதும்னு டாக்டர் சொன்னதாச் சொன்னியே."

"நாந்தான் சொன்னேன். டாக்டர் சொல்லல."

அது இதயத்துக்கான மாத்திரை. தினமும் நான் பார்க்கும்படியாகத்தான் அவள் அதைச் சாப்பிட்டு வந்தாள்.

"எப்போலேர்ந்து?"

"பட்டறைய மூடினதுலேர்ந்து."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கையில கட்டியிருக்கற கடியாரத்த வித்துட்டு வருவீங்க. கடியாரம் எங்க ஹாஜியாரேன்னு எவனாவது கேப்பான். அப்பறம் ஒரு வாரம் வெளியில தல காட்ட மாட்டீங்க. வீட்லயே ஒக்காந்து என் உயிர வாங்குவீங்க." அவள் சிரித்தாள் என்றே நினைக்கிறேன். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். "அந்தக் கவரு எங்க?"

"பீரோவில."

"எடுத்துக் குடுங்க. அது உங்களுக்கு வந்ததில்ல. எங்கிட்டதான் வந்து கேட்டாங்க, நாந்தான் பதில் சொன்னேன். அது என்னோடது."

நான் எடுத்துக் கொடுத்தேன். இத்தனை நாள் அந்த உறையில் என்னைத் தவிர வேறு எவரையும் நான் காணவில்லை. கொடுத்தவரைத் தேடி ஊர் முழுவதும் அலைந்த என் கண்களுக்கு, வாங்க வேண்டியவள் அதே கூரையின் கீழ் இருந்தது படவில்லை.

மறுநாள் மருந்துச் சீட்டையும் பணத்தையும் கையில் கொடுத்தவள், "நம்ம தெருவுல வேணாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் போயி வாங்குங்க," என்றாள். என்னை அவள் எவ்வளவு அறிந்திருக்கிறாள் என்பதில் எனக்கு நிம்மதியும் இருந்தது, அவமானமும் இருந்தது. ஓசூர்ப் பேருந்து நிலையத்தருகே, வெளியூர்க்காரர்களும் கம்பெனித் தொழிலாளர்களும் மொய்த்துக்கொண்டிருந்த ஒரு மருந்துக் கடையில் நின்றேன். முன்னால் நின்றவர் தெலுங்கில் இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். என் முறை வந்து, நோட்டை நீட்டியபோது, பின்னாலிருந்து, "அஸ்ஸலாமு அலைக்கும் ஹாஜியாரே" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பினேன். முகம் தெரிந்தது, பெயர் நினைவுக்கு வரவில்லை. என் கையிலிருந்த நோட்டு அவருடைய வீட்டிலிருந்து புறப்பட்டதாக இருக்கலாம். பதில் சலாம் சொன்னேன். அவர் நலம் விசாரித்தார். நானும் அவர் பிள்ளைகளை விசாரித்தேன். அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்பதுகூட எனக்கு உறுதியில்லை.

அன்று மாலையிலிருந்து அவள் முழு மாத்திரை சாப்பிடுகிறாள். மதியத்தில் அவள் கண்ணயரும்போது நான் நாளிதழைப் பிரித்து வைத்துக்கொண்டு அருகில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தைப் புரட்டுவதில்லை. அவள் மூச்சின் ஏற்ற இறக்கத்தைக் கவனித்துக்கொண்டிருப்பேன். பாதி மாத்திரையில் கழிந்த அந்த மாதங்கள் அவளுக்குள் எங்கே, எதைத் தேய்த்து வைத்திருக்கின்றன என்று எந்த மருத்துவரும் என்னிடம் உறுதியாகச் சொல்லவில்லை.

பெருநாள் தொழுகை ஊருக்கு வெளியே திடலில் நடந்தது. தொழுகைக்கு முன்பு ஃபித்ரா என்னும் பெருநாள் தர்மத்தைச் செலுத்த வேண்டும். அதுவும் வசதியுள்ளவர்களின் கடமை. வாயிலில் மேசை போட்டு ஒருவர் வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்த ஆண்டுகள் பல. வழக்கத்தால் கால்கள் அங்கே போய் நின்றன; கை ஜிப்பாப் பைக்குள் போனது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்ததும் ரசீதுப் புத்தகத்தை மூடினார்.

"தொழுகைக்கு நேரமாச்சு ஹாஜியாரே. நீங்க முன்னாடி போங்க."

நேரம் ஆகியிருந்தது உண்மைதான். எனக்குப் பின்னால் வந்தவரிடம் அவர் பணம் வாங்கினாரா என்று திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

தொழுகை முடிந்ததும் ஒருவரையொருவர் கட்டித் தழுவி வாழ்த்துச் சொல்வது வழக்கம். முக்கியமான சிலரைத் தழுவிவிட்டு, மற்றவர்களுக்குக் கையை மட்டும் நீட்டிவிட்டு வண்டியை நோக்கி நடப்பவன் நான். அந்தப் பெருநாளில் என்னால் அப்படி நடக்க இயலவில்லை. பழைய இரும்புக் கடைக்காரர், கம்பெனி வேன் ஓட்டுபவர், பெயர் தெரியாத வாடகை வீட்டுக்காரர்கள் என்று ஒவ்வொருவர் முன்னாலும் நின்றேன். எவரை விட்டுவிட்டுப் போனாலும், விடுபட்டவரே அந்த உறைக்குப் பணம் கொடுத்தவராக இருக்கக் கூடும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ சத்தமாகச் சொன்னார்:

"என்ன ஹாஜியாரே, இத்தினி பேர கட்டிப் புடிக்கறீங்க. எலெக்‌ஷன்ல நிக்கறீங்களா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்து நின்றவர் என்னைவிட உயரமானவர். அத்தர் மணத்துக்கு அடியில் மெஷின் எண்ணெய் மணந்தது. வலது தோள், இடது தோள், மறுபடி வலது தோள். அவருடைய பிடி வழக்கத்தைவிடச் சற்று நீண்டதாக எனக்குத் தோன்றியது. விடாமல் பிடித்திருந்தது நானாகவும் இருக்கலாம்.